வாளியும் எட்டு கிலோபைட்டும்

என் தொழில் வாஷிங் மெஷின் ரிப்பேர். கம்ப்யூட்டரைத் தொட உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்க வேண்டாம். அக்கா ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

அது அவளுடைய கம்ப்யூட்டர். பள்ளியில் பரிசாக வாங்கியது. கீபோர்டுக்குள்ளேயே மொத்த இயந்திரமும் அடக்கம். டிவியில் சொருகினால் எழுத்து வரும், கேசட்டில் சேமிக்க வேண்டும். புரோகிராம் எழுத உள்ள மெமரியே மூன்றரை கிலோபைட்தான். பதினைந்து வயதில் அதில் ஒரு விளையாட்டு எழுதினாளாம். 'எழுதினாளாம்' என்பது அவள் மகளின் சொல். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். ஒரு போட்டோ அனுப்ப மூன்று தடவை போன் போட்டு வழி கேட்கும் அம்மா புரோகிராம் எழுதினாள் என்றால் அவளுக்குச் சிரிப்புத் தாங்காது.

அக்காவும் கூடவே சிரிப்பாள். வாய் சிரிக்கும், முகம் சிரிக்காது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பரணிலிருந்து இயந்திரத்தை இறக்கினேன்.

வீங்கிப்போன கபாசிட்டர்களை மாற்றினேன். கீக்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தேய்த்தேன். கேசட் பிளேயருக்குப் புது பெல்ட் போட்டேன். பெல்ட் விஷயத்தில் நான் கில்லாடி, சைஸ்தான் கொஞ்சம் சின்னது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அது நானா? எட்டு கிலோபைட் கூடுதல் மெமரி அட்டை ஒன்றைத் தேடிப்பிடித்துப் பின்னால் சொருகினேன். அக்கா அசந்துபோகட்டும் என்று மூச்சு விடவில்லை.

ஞாயிறன்று அக்கா வீட்டு ஹாலில் மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். கேசட் நாலு நிமிடம் கீச்சிட்டது. அக்கா புரோகிராமை ஓட்டினாள். டொக், டொக் என்று சத்தம் வந்தது. திரையில் ஒன்றுமில்லை.

"மாமா, அம்மா கேம் எழுதலை. ரேடியோ எழுதியிருக்கா!"

அக்கா இந்த முறை சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"டேய், உள்ள என்னடா பண்ணினே?"

"துடைச்சேன்க்கா. பெல்ட் போட்டேன்."

"அப்புறம்?"

"மெமரி... எட்டு கிலோபைட் சேர்த்தேன்."

"யாரைக் கேட்டுடா சேர்த்தே?"

"சர்ப்ரைஸ்க்கா. இப்பவே புடுங்கிடறேன்."

"கையை எடு."

புரோகிராம் வரிகளைத் திரையில் கொண்டுவந்தாள். விரலால் தொட்டுத் தொட்டு இறங்கினாள். "மெமரி கூடினா ஸ்கிரீன் வேற இடத்துக்குப் போயிடும். என் புரோகிராம் பழைய இடத்துலயே படம் போட்டுட்டிருக்கு. காலி பண்ணின வீட்டுக்கு லெட்டர் போட்ட மாதிரி." 7680 என்பதை அழித்து 4096 என்று அடித்தாள். கலர் வருகிற வரியிலும் ஒரு எண்ணை மாற்றினாள்.

மகளுக்குக் கேலி நின்றுவிட்டது. "அந்த நம்பரெல்லாம் உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"மெமரி வாங்கித் தரச் சொல்லி உன் தாத்தாவை அரிச்சிட்டே இருந்தேன். வந்தா மாத்தணுமேன்னு மனப்பாடம் பண்ணி வச்சேன். வரலை."

பால் வரலை என்பது போலத்தான் சொன்னாள்.

மறுபடி ஓட்டினாள். மேலிருந்து மழைத்துளிகள் விழுந்தன; கீழே ஒரு வாளி இடமும் வலமும் ஓடி ஏந்தியது. டொக், டொக்.

"மூணரை கிலோபைட்லயா இவ்வளவும்?" மகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நாங்க ஒரு பட்டனுக்கே இதைவிட அதிகமா மெமரி சாப்பிடறோம். அம்மா, இந்த வரி எதுக்கு?"

"தள்ளி உட்காரு, துளி தப்பிடும்."

மகள் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள். "ஆபீஸ் குரூப்ல போடப்போறேன். 'எங்கம்மா எழுதினது'ன்னு."

"தம்பியையும் எடுடி," என்றாள் அக்கா, வாளியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மெமரி அவன் வச்சது. முப்பத்தஞ்சு வருஷம் லேட்டு, ஆனா வச்சுட்டான்."

போன் என் பக்கம் திரும்பியது. நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றேன்.