மார்லிஸின் ஸ்டிக்கர்

1
இந்தக் கதை ஒரு ஸ்டிக்கரிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் டுலூத் நகரக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் நான் வேலை பார்த்தபோது, ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முதுகிலும் வாங்கிய வருடத்தோடு ஒன்று ஒட்டியிருக்கும். முதலில் இதைக் கொலைக்கதையாகத்தான் ஆரம்பித்தேன். [கொலைக்காகக் காத்திருப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.]

2
"கதவைத் திறந்த கொரின் உறைந்து போனாள். மேஜைக்கடியில்..."

அடித்துவிட்டேன். கொரின் ஹாகன் உறைகிற ரகமல்ல. கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் இருவரில் ஒருத்தி. நான்கு வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றுவது அலுவலக வழக்கம். அதைத் தொடரலாமா, ஏழாக நீட்டலாமா? வெள்ளிக்கிழமைக்குள் கொரின் எழுதித் தர வேண்டும். ஏழு என்றால் பராமரிக்க ஒருவர் போதும். கடைசியாகச் சேர்ந்தவள் அவள்தான்; வேலை போவதும் அவளுக்குத்தான்.

'நான்கு' என்று எழுத ஆதாரம் தேடினாள். புகாரே வராதது, அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் மார்லிஸ் டோலஃப்சனின் கம்ப்யூட்டர். ஸ்டிக்கர்படி வயது ஒன்று. புதுசின் மகிமை! மூடியைக் கழற்றினாள். உள்ளே அச்சிட்டிருந்த தேதிப்படி வயது ஒன்பது.

3
"மார்லிஸ், என்ன இது?"

"கம்ப்யூட்டர். உனக்கே தெரியலையா கண்ணு?" மார்லிஸ் பிஸ்கட்டைக் காபியில் நனைத்தாள்.

"போன வருஷம் புதுசு கொண்டாந்து வெச்சேனே!"

"வெச்சே. மத்தியானம் வந்து பழசை எடுத்துக்கறேன்னு சாப்பிடப் போனே. அதுக்குள்ள ரெண்டு ஸ்டிக்கரையும் மாத்தி ஒட்டிட்டேன். அதுக்கு நாலு வருஷம் முன்னாடி ஒருத்தன் மாத்த வந்தான், அவனுக்கும் அதேதான்."

"அப்ப பழசுன்னு நான் குப்பைக்கு அனுப்பினது?"

"புத்தம் புதுசு. நீங்க ஸ்டிக்கரைத்தானே பாப்பீங்க, மெஷினையா பாக்கறீங்க?"

"ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"புதுசு வந்தா எது எங்கேன்னு ஒரு மாசம் தேடணும். இது நல்லாத்தானே ஓடுது? மூடியைப் போடு, தூசி பறக்குது."

[மார்லிஸை வில்லியாக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவள் சொன்னதில் பொய் எது?]

4
முடிவு அ: மூடியைப் போட்டு 'நான்கு' என்று எழுதுகிறாள். ஆதாரம், அந்த ஸ்டிக்கர்.

முடிவு ஆ: 'ஏழு' என்று எழுதுகிறாள். ஆதாரம், மார்லிஸின் கம்ப்யூட்டர். குப்பைக்குப் போன புதுசின் கதையும் கூடவே வெளியே வரும்.

முடிவு இ: மார்லிஸ் கண்கலங்கி மேலாளர் அறைக்குள் நுழைந்து... இல்லை. மார்லிஸ் எழுந்திருக்கவே மாட்டாள்.

பராமரிக்கும் இருவரில் இன்னொருவன் நான். எந்த எண்ணை எழுதினாலும் என் நாற்காலி ஆடாது. அப்படி உட்கார்ந்திருப்பவன் இந்த முடிவை எழுதக் கூடாது. எண் எழுத வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் நிரப்புங்கள். ஆனால் கடைசியாகச் சேர்ந்தவர் நீங்கள்தான் என்று நினைத்துக்கொண்டு.