வருதா, போகுதா?

"கடைசி வரியைப் படிங்க அக்கா."

கண்ணாடிக்கடையின் உள்ளறையில், உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மடமடவென்று படித்தாள். அட்டையை அச்சடித்தவன் ஓரத்தில் தன் பெயரைப் போட்டிருந்தால் அதையும் படித்திருப்பாள். மறு கண்ணும் அப்படியே. பக்கத்துச் சுவரில் அவளுடைய ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. சோதித்துக்கொண்டிருந்தவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எப்படித் திரும்புவான்? அவளை இடித்த காரே அவனுடையதுதான்.

சட்டைக் கம்பெனியில் பதினாறு வருஷமாகத் தையல் சரிபார்க்கிற வேலை அவளுக்கு. செக்கிங் அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் ஒரு தையல் விட்டிருந்தாலும் சரியாக அங்கே விரலை வைத்துவிடுவாள். கால் ஒருவழியாகத் தேறி வேலைக்குப் போனால், சூப்பர்வைசர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "எதிர்ல வர்ற காரே தெரியல, நூல் எப்படித் தெரியும்? கண்ணு நல்லா இருக்குன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லன்னா உங்க இடத்துல இருக்கிற பொண்ணே இருக்கட்டும்" என்றார். அவளுக்குத் தெரிந்த ஒரே கண்ணாடிக்காரன் இவன்தான். இடித்தாலும் ஓடிப்போகாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் என்று இவன்மேல் மரியாதை வேறு. அந்த மரியாதைதான் இவனை அரித்தது.

போன வருஷம் பழைய கார் ஒன்று வாங்கினான். வாங்கிய நாள் முதல் மச்சானின் வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன மாப்ளே, கண்ணாடிக்கடை வெச்சிருக்கே, உன் வண்டி கண்ணுல பூ விழுந்த மாதிரி முழிக்குதே" என்றான். இவனுக்கு மானம் போயிற்று. வயரிங் கடைக்கு ஓடினான். ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் மங்கலாக எரிகிற சின்ன பல்பு இரண்டை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். வயரிங்காரர் வெள்ளை எல்இடி ஜோடி ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"பழைய மஞ்சளுக்கு இது பளிச்சுன்னு இருக்கும். சட்டத்துக்கும் சரி, பார்க்கவும் லட்சணம். நீங்க கேக்கற சிவப்பு முன்னால போடக்கூடாது தம்பி. அது பின்பக்கத்துக்கு."

"வெள்ளை எல்லார்கிட்டயும் இருக்குண்ணே. அதையும் குடுங்க, வெச்சுக்கறேன். இப்ப சிவப்பை மாட்டுங்க. யாராச்சும் கேட்டா மாத்திக்கலாம்."

இந்தக் 'கேட்டா மாத்திக்கலாம்' இருக்கிறதே, நம்மில் பாதிப் பேர் சட்டத்தை மதிக்கிற லட்சணம் இதுதான். போலீஸ்காரர் நிற்கிற திருப்பம் வரும்போது மட்டும் யோக்கியர்கள். வயரிங்காரரும் அதற்குமேல் வாயைத் திறக்காமல் மாட்டிவிட்டார். வெள்ளை ஜோடி டேஷ்போர்டுக்குள் போயிற்று.

ஹெட்லைட்டைப் போட்டால் சிவப்பு எடுபடவில்லை. அதனால் பொழுது மங்கும் நேரத்தில் சிவப்பை மட்டும் எரியவிட்டுக்கொண்டு பவனி வந்தான். மழை மூட்டமான ஒரு சாயங்காலம், கம்பெனி விட்டு வந்தவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் சாலையில் இறங்கினாள். தூரத்தில் இரண்டு சிவப்புப் புள்ளி தெரிந்தது. போகிற வண்டிதானே என்று நடந்தாள்.

கூட்டம் கூடியது. "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு" என்று அடிபட்டவளைத்தான் திட்டினார்கள். "சிவப்பா தெரிஞ்சுதுங்க, போற வண்டின்னு நினைச்சேன்" என்று அவள் முனகினாள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார், ஒருவர் குடை பிடித்தார். இவன் என்ன செய்தான் தெரியுமா? வண்டிக்கு ஏதும் ஆயிற்றா என்று பார்க்கிறவன்போல் பானட்டைத் திறந்து, சிவப்பைப் பிடுங்கிவிட்டு வெள்ளையை மாட்டிக்கொண்டிருந்தான். பாவி, அப்புறம்தான் அவளைத் தூக்கினான். ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ் வந்து பார்த்தபோது விளக்கு விதிப்படி இருந்தது. கவனக்குறைவாகச் சாலையைக் கடந்தார் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

இப்போது கடைசிச் சோதனை. சுவரில் பாதி சிவப்பு, பாதி பச்சை வெளிச்சம்; இரண்டிலும் கறுப்பு எழுத்துகள்.

"எதுல எழுத்து தெளிவா இருக்கு அக்கா? சிவப்புலயா, பச்சையிலயா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றவள் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கும் இதே சிவப்புதான் தம்பி. யாரும் நம்பல. இப்ப எனக்கே நம்பிக்கை இல்ல. நம்ம கண்ணே நம்மள ஏமாத்திடுச்சேன்னு அழுகையா வருது. போயிடுச்சுன்னா சொல்லிடுங்க, தாங்கிக்கறேன்."

கண்ணில் கோளாறு என்று ஒரு பவர் எழுதிக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. அவள் வீட்டோடு இருந்துவிடுவாள், இவன் வண்டியை யாரும் பேசப்போவதில்லை. பேனாவைக்கூட எடுத்துவிட்டான். மறுபடி மேசைமேல் வைத்துவிட்டான்.

"உங்க கண்ணுல ஒரு குறையும் இல்லக்கா. நீங்க பார்த்தது சிவப்புதான். நான்தான் முன்னால போட்டிருந்தேன். எல்லாரும் உங்களைப் பார்த்துட்டு இருந்தப்ப மாத்திட்டேன்."

அவள் அவன் கைகளையே பார்த்தாள்.

"எதுக்கு தம்பி போட்டீங்க?"

"அழகுக்குத்தான்க்கா."

"அழகுக்கு" என்று அவளும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "வெள்ளைன்னா வண்டி வருது, சிவப்புன்னா போகுது. நடந்து போறவளுக்கு உங்க வண்டி சொல்றது அது ஒண்ணுதான். அதுலயும் பொய் சொல்ல வெச்சுட்டீங்க. சட்டம் உங்களைப் பிடிக்கிறதுக்கு இல்ல தம்பி, என்னை மாதிரி ஆளுங்களைக் காப்பாத்த. அது புரியாம போலீசுக்கு மட்டும் பயந்தீங்க. கால் உடைஞ்சதைக்கூட மறந்துடுவேன். என் கண்ணையே நான் சந்தேகப்பட வெச்சீங்களே, அதை எப்படி மறக்கறது?"

அவன் இரண்டு கண்ணும் நலம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினான். அவள் ஓர் எழுத்து விடாமல் படித்தாள். பிறகு காகிதத்தைத் திருப்பி, அவன் முன்னாலேயே மேசைமேல் வைத்தாள்.

"என் கண்ணைப் பத்தி எழுதியாச்சு. இந்தப் பக்கம் காலியா இருக்கு. உங்க வண்டியைப் பத்தி எழுதுங்க."