எட்டு ஜிபி அம்மா

அம்மாவில் எனக்குப் பாதி வேண்டும் என்று கேட்டேன்.

பிறந்த வீட்டில் பங்கு கேட்கக் கூடாது என்று எனக்குப் பால்பல் விழும் முன்பே சொல்லிவிட்டார்கள். கேட்டவளுக்குத் தாய்வீட்டுச் சீர் நின்றுவிடும். சாவுக்குக்கூடச் சொல்லி அனுப்ப மாட்டார்கள். எங்கள் பெரிய அத்தை கேட்டாள். அதற்கப்புறம் அவள் பெயரை எங்கள் வீட்டில் சொன்னால் விளக்கு அணைந்துவிடும். பேச்சுக்குச் சொல்லவில்லை. அணையும். ஃபியூஸ் போட வேண்டும்.

அண்ணன் சுரேந்தர் சோறு தின்றுகொண்டிருந்தான். நிமிரவில்லை.

"பாதின்னா இடதா, வலதா?" என்றான்.

அம்மா அவன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள். கறுப்பு நிறம், தீப்பெட்டி அளவு, எட்டு ஜிபி. பாட்டுக் கேட்கிற பிளேயர். உடம்பாக இருந்த அம்மா பக்கத்தில் நின்று அவனுக்கு ரசம் ஊற்றினாள். போதும் என்று அவன் கை காட்டும்வரை ஊற்றினாள். வேண்டுமா என்று கேட்க அவளுக்கு வாய் இல்லை. வாய் இருந்தது. அதில் எதுவும் இல்லை.

பிளேயரை வாங்கியவன் அவன். ஓட வைத்தவள் நான்.

பெட்டிக்குள் இருந்த காகிதம் இங்கிலீஷில் இருந்தது. எங்கள் வம்சத்தில் இங்கிலீஷைப் படித்துப் புரிந்துகொள்ளும் முதல் ஆள் நான். ஹாஸ்டலுக்கு போன் போட்டு வரவழைத்தார்கள். "நாலு வருசம் படிச்சவளுக்கு இது தெரியாதா?" என்றான் அண்ணன். பிஎஸ்சி மூன்று வருடம். அதுகூட அவனுக்குத் தெரியாது.

காகிதத்தில் இருந்ததை வரி பிசகாமல் செய்தேன். நாலு மணி நேரம் சார்ஜ் ஏற்றினேன். தேதி வைத்தேன். நேரம் வைத்தேன். என்ன மொழி என்று கேட்டது. பதினேழு மொழி இருந்தது. நம்முடையது இல்லை. இங்கிலீஷ் வைக்கப் போனேன். அண்ணன் கையைத் தட்டிவிட்டான்.

"அத வச்சா நீ மட்டும்தான் படிப்பே."

போர்ச்சுகீசியம் வைத்தேன். யாருக்கும் தெரியாது. வீட்டில் முதல்முறையாக எல்லோரும் சமம்.

அடுத்தது, ஒலியை ஏற்றவும் என்றிருந்தது. எங்கள் வீட்டில் பாட்டு கிடையாது. டிவி பழுதாகி ஆறு வருடம். வீட்டில் இருந்த ஒரே சத்தம் அம்மா.

"அதையே ஏத்து," என்றான் அண்ணன். "விடிஞ்சா ஆரம்பிச்சுடுது. இனிமே வேணுங்கறப்ப கேட்டுக்கறேன்." சொல்லிவிட்டுக் கடைக்குப் போனான். கறிக்கடை வைத்திருக்கிறான்.

ஒயரின் சின்ன முனை அம்மாவின் காது ஓட்டையில் பொருந்தியது. நான் முதல் செமஸ்டர் சேர்ந்ததிலிருந்து தோடு இல்லாமல் காலியாக இருக்கும் ஓட்டை. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். திரையில் இரண்டு வழி காட்டியது. ஒன்று காப்பி, இன்னொன்று கட் என்று காகிதம் சொன்னது. எது எது என்று போர்ச்சுகீசியத்துக்குத்தான் தெரியும். ஒன்றை அழுத்தினேன். முக்கால் மணி நேரம் ஆனது.

முடியும்போது அம்மா "அந்தப் பால்" என்றாள். "பொங்குது பாரு" என்பது பிளேயருக்குள்ளிருந்து வந்தது.

நான் அழுத்தியது கட். அது ஒரு தவறு. பெரிய தவறு அதற்கு அடுத்தது. ஒரு கட்டம் வந்தது. உரிமையாளர் பெயர் என்று காகிதம் சொன்னது. நான் சுரேந்தர் என்று அடித்தேன்.

யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. அவன் கடையில் இருந்தான். வீட்டில் நானும் அம்மாவும்தான். ஆனால் ரேஷன் கார்டு, கேஸ், கரண்ட், குடிநீர் என்று எங்கள் வீட்டு விண்ணப்பம் எல்லாவற்றையும் ஐந்தாம் வகுப்பிலிருந்து நான்தான் நிரப்புகிறேன். எல்லாவற்றிலும் ஆம்பளை பெயர் போடுவோம். அப்பா வீட்டைவிட்டுப் போகும்வரை அப்பா பெயர். அப்புறம் அண்ணன் பெயர். கை பழகிவிட்டது. பட்டம் மண்டைக்குத்தான் தந்தார்கள். கைக்குத் தரவில்லை.

அன்றிலிருந்து அம்மா என்ன பேச வேண்டும் என்பதை அண்ணன் முடிவு செய்கிறான். உள்ளே பதினோராயிரத்து நூற்று நாலு பேச்சு இருக்கிறது. அவன் போடுவது மூன்று. "சாப்டியா தங்கம்." "அவ கெடக்கறா விடு." "அண்ணன் சொல்றதக் கேளு." மூன்றாவது எனக்கு. அதை ரிப்பீட்டில் விட்டுவிட்டுத் தூங்கப் போவான்.

விருந்தாளி வந்தால் ஒலி அமைப்பை 'ராக்'கில் வைப்பான். அம்மா கம்பீரமாக "வாங்க" என்பாள். என்னைப் பெண் பார்க்க வந்தபோது ஷஃபிளில் விட்டுவிட்டான். பொண்ணு நல்லா சமைப்பா என்று வரவேண்டிய இடத்தில் "தண்ணி லாரி வந்துருச்சு" என்று வந்தது. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து குடம் தேடினார்கள். மாப்பிள்ளை இரண்டு குடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். பதில் சொல்லவே இல்லை.

போன வாரம் பிளேயரில் இடம் நிரம்பிவிட்டது. அண்ணனுக்கு நானூறு குத்துப்பாட்டு ஏற்ற வேண்டும். அம்மாவில் எதை அழிக்கலாம் என்று பார்த்தான்.

"உன் பேரு வர்றதெல்லாம் எடுத்துடறேன். அதுலதான் எடம் ஜாஸ்தி கெடைக்குது. திங்கக்கெழம பண்ணிக்கறேன்."

இன்று வெள்ளி. அதனால்தான் கேட்டேன்.

அண்ணன் கை கழுவினான். "கேட்டுட்டே. ஆபீசுல பேசிக்கலாம் வா," என்றான்.

குரல் பாகப்பிரிவினை அலுவலகம் எங்கள் குளியலறைக்குப் பின்னால் இருந்தது. நேற்றுவரை அங்கே துவைக்கிற கல் கிடந்தது. வாசலில் காவலாள் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணனிடம் என்ன படிப்பு என்று கேட்டார். பத்தாவது பெயில் என்றான். மூன்று எட்டில் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டான்.

"நீ என்னம்மா?"

"பிஎஸ்சி. பிசிக்ஸ்."

நடைவழி நாற்பதடி நீண்டது.

"மொதல் பட்டதாரியா?"

"ஆமா."

இன்னொரு நாற்பதடி.

"அதுக்கு சர்ட்டிபிகேட் இருக்கா?"

இருந்தது. காட்டினேன். நடைவழியில் ஒரு வளைவு விழுந்தது. அம்மா மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் ஒதுங்காதவள். அவளுக்கு இரண்டு எட்டுதான். ஆனாலும் என்கூடவே நடந்தாள். மத்தியானம் போய்ச் சேர்ந்தோம்.

அலுவலரின் காதுகளில் பஞ்சு இருந்தது. பெயர்ப்பலகையில் 'விடுப்பில்' என்று எழுதியிருந்தது. அதுதான் அவர் பெயர் போலிருக்கிறது. எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"மனுதாரர் யாரு?"

"நான். பவானி."

"தாயார் உசுரோட இருக்காங்களா?"

"இதோ நிக்கறாங்க சார்."

"நிக்கறது தெரியுது. இருக்கேன்னு அவங்க வாயால சொல்லணும்."

அம்மா வாயைத் திறந்தாள். காற்று வந்தது.

"காத்தெல்லாம் கணக்குல வராது," என்றார்.

அண்ணன் பிளேயரை எடுத்து எதையோ அழுத்தினான். "கரண்ட் இருக்கா அங்க?" என்றாள் அம்மா.

"இருக்கும்மா," என்று பதில் சொல்லி அலுவலர் முத்திரை குத்தினார். அம்மா உயிருடன் இருப்பது உறுதியானது. அண்ணன் பொறுப்பில்.

"சாட்சிப்பொருள மேசைல வைங்க," என்றார். அண்ணன் பிளேயரை மேசைமேல் வைத்தான். "பாகம் பிரிக்கலாம். வார்த்தைக்கு வார்த்தை பாதி. முன்பாதி ஆண் வாரிசுக்கு. பின்பாதி உங்களுக்கு."

"புரியல சார்."

"சாப்டியான்னா, சாப் அவருக்கு. டியா உங்களுக்கு."

"டியாவ வச்சுகிட்டு நான் என்ன பண்றது?"

"வாங்கிட்டுப் போனவங்க யாரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்ல."

அண்ணன் சிரித்தான். "நாலு எழுத்து படிச்சா பெத்தவளையே கூறு போடச் சொல்லுமா?"

"கூறு போடறது உன் தொழில்ண்ணே. நான் படிச்சது பிசிக்ஸ்."

"வாயப் பாருங்க சார். இதுக்குத்தான் ஹாஸ்டல்ல போட வேணாம்னு அப்பவே சொன்னேன்."

அலுவலர் இழுப்பறையைத் திறந்தார். "இல்லன்னா விடுதலைப் பத்திரம். எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லைன்னு ஒரு கையெழுத்து. அக்கா தங்கச்சிங்க எல்லாரும் போடறதுதான். எழுதியே ரெடியா இருக்கு."

வாங்கிப் படித்தேன். என் கையெழுத்தில் இருந்தது. உருண்டை உருண்டையாக, கோட்டுக்கு மேலே ஏறாமல், ஐந்தாம் வகுப்பில் நான் எழுதுவதுபோல. அடியில் மட்டும் காலி இடம்.

"போடு பாப்பா," என்றான் அண்ணன். குரலைத் தணித்துக்கொண்டான். பாப்பா என்று அவன் கூப்பிட்டு வருடக்கணக்கு ஆகிறது. "நான் என்ன கல்லா? ஞாயித்துக்கெழம வா. இயர்போன்ல ஆளுக்கொரு காது. எடது உனக்கு."

"எடதுல ஒண்ணும் வராதுண்ணே. ஒயர் அறுந்து கெடக்கு."

"கெடச்ச காத வச்சு சந்தோசப்படு."

"வேற வழி இருக்கா சார்?" என்றேன்.

அலுவலர் பிளேயரைத் திருப்பிப் போட்டார். "பின்னாடி ஒரு ஓட்டை இருக்கு. ஊசி நொழையற அளவு. குத்தினா எல்லாம் அழிஞ்சு புதுசு ஆயிடும்."

"அம்மாவுக்குத் திரும்பி வந்துடுமா?"

"எதுக்கு வரும்?"

"அப்ப எங்க போகும்?"

"போகும்," என்றார். அதையும் எழுதிக்கொண்டார்.

"உரிமையாளர்தான் குத்தணுமா?"

"ஓட்டைக்குப் பேரு கேக்கத் தெரியாதும்மா."

அண்ணன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தான். "குத்தட்டும் சார். பெத்தவ குரல அழிக்கற தைரியம் இருந்தா குத்தட்டும்." கையை நீட்டி ஒரு பொத்தானை அழுத்தினான். "அவ கெடக்கறா விடு," என்றாள் அம்மா. அலுவலகமே சிரித்தது. காவலாள்கூட எண்பதடி தள்ளியிருந்து சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. முந்தானையை விலக்கினாள். கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றை வெளியே இழுத்தாள். அதில் எப்போதும் மூன்று ஊக்கு மாட்டியிருப்பாள். யாருக்கு ஜாக்கெட் கொக்கி அறுந்தாலும் அங்கிருந்துதான் வரும். ஒன்றைக் கழற்றினாள். பல்லில் வைத்துக் கம்பியை நிமிர்த்தினாள். என்னிடம் நீட்டினாள்.

அண்ணனுக்குச் சிரிப்பு நின்றது.

"யம்மா. என்ன பண்றே நீ?"

பிளேயர்மேல் குனிந்தான். இரண்டு கட்டை விரலாலும் தேடினான். வேண்டாம் என்று அம்மா சொல்வதைத் தேடினான். பதினோராயிரத்து நூற்று நாலிலும் தேடினான். இல்லை. அம்மா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

நான் அந்த நேரத்தில் யோசித்தேன். என் பெயர் உள்ளே இருக்கிறது. திங்கட்கிழமை என்றாலும் போகும், இன்று என்றாலும் போகும். திங்கட்கிழமை போனால் மிச்ச அம்மா அவனிடம் இருப்பாள். சாகும்வரை அவன் கட்டைவிரலுக்குப் பேசுவாள். செத்த பிறகும் பேசுவாள். அவள் சாவு வீட்டிலேயே என்னைப் பார்த்து அண்ணன் சொல்றதக் கேளு என்பாள்.

குத்தினேன்.

திரை ஏதோ கேட்டது. இரண்டு பொத்தான். இந்த முறை எது எது என்று எனக்குத் தெரியும். ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை போர்ச்சுகீசியத்தில் ஆம், இல்லை இரண்டையும் கற்றுக்கொண்டதுதான். ஆம் என்று அழுத்தினேன்.

அழிவதற்கு முன்னால் ஒவ்வொன்றும் ஒருமுறை பேசிவிட்டு அழிந்தது. தீப்பெட்டி அளவு பிளேயர். ஆனாலும் அறை முழுக்கக் கேட்டது. அம்மாவின் முதல் நாளிலிருந்து ஆரம்பித்தது. முதலில் அழுகை. அப்புறம் மழலை. "நான் ஆடு மேய்க்கப் போவல." "எனக்கும் சிலேட்டு." "மாப்ள மூஞ்சியக் காட்டவே இல்லியே." பதினோராயிரமும் வேகவேகமாக வந்தன.

அண்ணன் எல்லாப் பொத்தானையும் அழுத்தினான். மேசையில் தட்டினான். உதறினான்.

"நிறுத்தறது எப்டின்னு சொல்லுடி! பிசாசே, சொல்லுடி!"

நிறுத்த ஒரு வழி இருந்தது. காகிதத்தில் பதினாறாம் பக்கம். எந்த இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்று படம் போட்டு, கீழே இங்கிலீஷில் இரண்டு வரி. எங்கள் வம்சத்தில் அதைப் படித்தவள் நான் ஒருத்தி.

"மனுதாரர் கையெழுத்து," என்றார் அலுவலர். "குரல் இல்லாத தாயார் யாரு பேர்ல இருக்காங்கன்னு ஒரு பாரம் இருக்கு. நிரப்பிக் குடுத்துட்டுப் போங்க."

அவர் பேனாவை நீட்டினார். நான் வாங்காமல் எழுந்தேன்.

அம்மா ஒரு நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அண்ணன் கையை அப்பால் தள்ளினாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, பக்கத்துத் தெருக்காரி கதையைக் கேட்கிறவள் மாதிரி தன்னைக் கேட்டாள். ஓரிடத்தில் சிரித்தாள். ஓரிடத்தில் தலையில் அடித்துக்கொண்டாள். நான் போவதை அவள் பார்க்கவில்லை. நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பையன்னு அவருகிட்டச் சொல்லுங்க." அது அண்ணன் பிறந்த நாள்.

வேகமாக நடந்தேன். "எறா வெலையக் கேளு." "கொழந்தைக்குக் காய்ச்சல்." "இன்னும் வரலியே இந்த மனுசன்." நடைவழியின் வளைவு வந்தது. திரும்பினேன்.

"பொண்ணா? சரி, குடுங்க."

அடுத்தது என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நின்று கேட்டால் திரும்பிப் போய் அந்த இரண்டு பொத்தானையும் அழுத்திவிடுவேன். காவலாள் ஸ்டூலை நகர்த்தி வழிவிட்டார்.

பின்னால் "பவா" என்று ஆரம்பித்தது. நான் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வெயிலில் இறங்கி நடந்தேன்.