டிரைவர் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது

பலகைக்காரிக்கு அவளுடைய லேசர் கட்டர் என்றால் உயிர். கடைக்காரர்கள் கேட்கும் பெயர்ப்பலகையை எல்லாம் வெறும் ஒளியால் எரித்தே வெட்டிக் கொடுத்துவிடும். அவள் புருஷனுக்கோ அதைக் கண்டாலே பயம். மனுஷன் பஸ் டிரைவர். ஓடுகிற எதையும் நம்பாத ரகம்.

மெஷின் பின்னறைக்கு வந்த அன்றே சட்டம் போட்டுவிட்டார். டிப்போவில் கழித்துப் போட்ட டிரைவர் சீட் ஒன்றைத் தூக்கிவந்து அதன் எதிரில் தரையோடு திருகி வைத்தார். பக்கத்திலேயே தீயணைப்பு சிலிண்டர், தண்ணீர் பீச்சுகிற பாட்டில்.

"மூடியைச் சாத்தாம ஓட்டக் கூடாது. புகைக்குழாய் ஜன்னலுக்கு வெளிய இருக்கணும். ரெக்சினை உள்ள வைக்கவே கூடாது, அது விஷப்புகை. பஸ் ஓடும்போது டிரைவர் எழுந்திருப்பானா? நீ ஒரு தடவை எழுந்தாலும் சரி, உள்ள நெருப்புப் பிடிச்சாலும் சரி, மறுநாளே இது பழைய இரும்புக் கடைக்குப் போயிடும்."

"நீங்க வேணா போங்க" என்று வாய்க்குள் முனகினாலும் அவள் சட்டத்தை மீறியதில்லை. மீறினால் அந்த ஆள் சொன்னபடி செய்துவிடுவார், பிடிவாதத்துக்குப் பிறந்தவர்.

பல் டாக்டருக்கான பலகை ஓடிக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் வந்தது வினை. பெரிய பல் ஒன்றின் படம் அழகாக விழுந்து முடிந்து, எழுத்துகள் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தன. வாசல் மணி அடித்தது.

"அண்ணி!"

நாத்தனார்! போயும் போயும் இந்த நேரத்திலா? தண்ணீர் கொடுக்கத் தாமதமானதற்கே போன தடவை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவள். பலகைக்காரி சீட்டில் இருந்தபடியே தொண்டை கிழியக் கத்தினாள். புகை இழுக்கும் ஃபேன் சத்தத்தில் அது வாசலுக்கு எங்கே கேட்கப்போகிறது? நடுவில் நிறுத்தலாம் என்றால், நிறுத்தினால் விட்ட இடத்தை மறந்துபோகும் பழைய மெஷின் அது. கையில் வேறு பலகையும் இல்லை.

அதற்குள் போன். டிப்போவிலிருந்து புருஷன்தான்.

"என் தங்கச்சி வாசல்ல நின்னு எனக்குப் போன் போட்டு அழறா. உள்ள என்ன பண்ற?"

"ஓட்டிட்டு இருக்கேங்க."

"போய்க் கதவைத் திறந்துட்டு வா. ரெண்டு நிமிஷந்தானே?"

"எழுந்திருக்கக் கூடாதுன்னு நீங்கதானே..."

"அட, நானே சொல்றேன், எழுந்து போ!"

அவள் பாதி எழுந்தேவிட்டாள். ஒரு கை சீட்டின் முதுகில் இருந்தது. அப்போதுதான் மூடிக்கு உள்ளே, பல்லின் ஓரத்தில், ஒரு சின்ன நெருப்பு எழும்பி, அணையாமல் நின்றது.

பதறிப்போய் நிறுத்து பொத்தானை அமுக்கினாள். மூடியைத் தூக்கித் தண்ணீரைப் பீச்சினாள். புஸ்ஸென்று அணைந்தது. வாசலுக்குப் போயிருந்தால்? நாத்தனாரின் ரெண்டு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியாதா?

மெஷினின் மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். சண்டைக்குத் தயாராக நின்ற நாத்தனார், கரி படிந்த முகத்தைப் பார்த்ததும் அதை மறந்தே போனாள்.

"ஐயையோ, என்ன அண்ணி ஆச்சு?"

பலகைக்காரி அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். "நெருப்புப் பிடிச்சாச்சு. இனி உங்க அண்ணன் இதை வெச்சிருக்க விடமாட்டாரு."

நாத்தனார் பின்னறைக்குப் போய்ப் பலகையை எட்டிப் பார்த்தாள். பல்லின் ஓரத்தில் கறுப்பாக ஒரு குழி.

"அச்சு அசல் சொத்தைப்பல் அண்ணி! அந்த டாக்டருக்கு அனுப்பிப் பாருங்க."

போட்டோ போனது. டாக்டரிடமிருந்து சிரிப்பும் பதிலும் சேர்ந்தே வந்தன. இப்படியே வேண்டுமாம், மிச்சத்தை முடித்துக் கொடுத்தால் போதுமாம்.

உள்ளே துடைத்து, பலகையை மறுபடி அளந்து பொருத்தி, மிச்ச எழுத்துகளை மட்டும் புதிதாகப் போட்டு மெஷினை ஓடவிட்டார்கள். இந்த முறை சீட்டில் நாத்தனார் ஜம்மென்று ஏறி உட்கார்ந்துகொண்டாள், கையில் தண்ணீர் பாட்டில்.

அப்போது மணி அடித்தது. டூட்டி முடிந்து புருஷன் வந்திருந்தார். கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த பலகைக்காரி எழுந்தாள்.

"உட்காருங்க அண்ணி" என்ற நாத்தனார், பார்வையை மெஷினிலிருந்து எடுக்காமலே கண்ணடித்தாள். "இல்ல, கதவுகிட்ட போங்க. திறக்க மட்டும் வேணாம்."

பலகைக்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கதவோரம் போய் நின்றாள்.

"திறக்க முடியாதுங்க. மெஷின் ஓடுது."

"ஓடட்டுமே! ரெண்டு நிமிஷந்தானே?"

"அந்த ரெண்டு நிமிஷத்துலதான் உள்ள நெருப்பு வந்துச்சு. நீங்க எழுந்து போகச் சொன்ன அதே ரெண்டு நிமிஷம்."

வெளியிலிருந்து வந்த குரல் இறங்கியிருந்தது.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவள் விடவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல. மெஷினுக்குத்தான் என்ன ஆகுமோன்னு இருக்கு. அது எங்க போகும்?"

"எங்கயும் போகாது."

"சட்டம்?"

"எனக்கும் சேர்த்துத்தான். நீ ஓட்டும்போது இனி போனே பண்ண மாட்டேன். கதவைத் திறம்மா, தெருவே பார்க்குது!"

அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள். பின்னறையிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது.

"எனக்கும் டிப்போவுல இருந்து ஒரு கண்டக்டர் சீட் கொண்டு வருவாரான்னு அண்ணன்கிட்ட கேளுங்க அண்ணி, அப்புறமா திறக்கலாம்!"