சுவரில் பாதி வானம்

காலையில் மோட்டார் போடுவேன். பால் காய்ச்சுவேன். ஜன்னலோரம் பிளாஸ்டிக் மக்கில் நிற்கும் பிரஷ்ஷை எடுத்து, பழைய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் ஊற்றி, மறுபடி அதிலேயே போடுவேன். பிறகு கம்பெனி பஸ்ஸுக்குப் போவேன். என் மனைவி ஏஞ்சல் இறந்ததிலிருந்து இதுதான்.

பெட்ரூம் சுவரில் அவள் வரைந்த பாலைவனம் இருக்கிறது. அவள் பாலைவனம் பார்த்ததில்லை. ஓமானில் வேலை பார்க்கும் அவள் அண்ணன் எபினேசர், கேம்ப் ஜன்னலிலிருந்து வாரம் ஒரு போட்டோ அனுப்புவார். அதே மணல்மேடு. வானம் மட்டும் வேறு. ஏஞ்சல் மணலை ஒரு தடவைதான் வரைந்தாள். வானத்தை வாராவாரம் பழையதன் மேலேயே புதிதாக அடித்தாள். கடைசியாக ஒரு செவ்வானத்தைப் புழுதிப் பகலால் மூடிக்கொண்டிருந்தாள். பாதியில் காய்ச்சல் வந்தது.

போன வாரம் வீட்டு ஓனர் குப்புராஜ் வந்தார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறாராம்.

"இன்னாப்பா சாம்சன், பாதி சாயங்காலம், பாதி மத்தியானமா கீது. ஓதம் ஏறுன செவுரு மாரி. முடிச்சிட்டன்னா நான் தொடல. இல்லாங்காட்டி ஞாயித்துக்கெழம ஆளு வந்து அடிச்சிடுவான்."

"முடிச்சிடறேண்ணே."

"பெயிண்ட் கம்பெனில கீற. உனுக்கு இன்னா கஷ்டம்?"

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சுவர் பெயிண்ட் செய்கிறோம். என் வேலை ஷேடு பார்ப்பது. போன வருஷத்து நிறமும் இந்த வருஷத்து நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும். கெமிஸ்ட்ரி படித்தது இதற்குத்தான்.

அவள் வானத்தில் உரிந்திருந்த ஒரு சில்லை எடுத்துப்போய் கம்பெனி மெஷினில் நிறத்தை அளந்தேன். கலந்தேன். டப்பாவில் அச்சு அசல் அவள் புழுதி. சுவரில் அடித்ததும் வெறும் பெயிண்ட். துடைத்தேன். மறுபடி அடித்தேன். துடைத்தேன். அவளுடையதில் பழைய வானங்கள் லேசாகத் தெரிந்தன. எங்கள் பெயிண்ட், அடியில் இருப்பதை மறைக்கவென்றே செய்வது. தண்ணீர் விட்டு இளக்கினால் மணல் வரை ஒழுகியது. டப்பாவை எட்டி உதைத்தேன். பிறகு அந்தத் தரையையும் துடைத்தேன்.

சனிக்கிழமை மக்கிலிருந்து அவள் பிரஷ்ஷை எடுத்தேன். முடியைப் பிடித்திருக்கும் தகரப் பட்டை துருப்பிடித்திருந்தது. தினமும் கையில் எடுப்பதுதான், பார்த்ததில்லை. இழுத்த இடமெல்லாம் முடி உதிர்ந்து வானத்தில் ஒட்டியது. குறுக்கே ஒரு துருக்கோடு.

ஞாயிறு காலை குப்புராஜ் வந்தார்.

"அன்னிக்கி இருந்ததுக்கு இது இன்னும் கேவலமா கீதே!"

"ஆமாண்ணே. வானத்த அடிச்சிடச் சொல்லுங்க. மணல் இருக்கட்டும்."

"வெறும் மணல வெச்சிகினு இன்னா பண்ணப் போற?"

 அவர் மக்கிலிருந்த பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். நாலு முடி உதிர்ந்தது.

"இத்தினி மாசம் தண்ணிலயேவா போட்டு வெப்பாங்க? யாருப்பா சொன்னது உனுக்கு?"

அவள்தான். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவில் ஏறும்போது. அங்கே போனதும் வாயில் குழாய் வைத்துவிட்டார்கள். அதன் பிறகு அவள் பேசவில்லை.

"சாம், பிரஷ்ஷ தண்ணில போட்டு வை, காஞ்சிடப் போவுது. நான் வந்து முடிச்சிக்கிறேன்."