கொடி நட்ட மணல்

ஐந்து மாதம் கழித்து ஊர் திரும்பியவள், விளையாட்டாகத்தான் அக்காவின் அறைச் சுவரில் கதிர்வீச்சு அளக்கும் கருவியை வைத்தேன். படபடவென்று கத்தத் தொடங்கியது. கூடத்தில் காட்டியதைப்போலப் பல மடங்கு. பேட்டரியை மாற்றிப் பார்த்தேன். அதே கத்தல்.

என் பிழைப்பே மணல்தான். எங்கள் ஊரை ஒட்டிய பாலைவனத்திலும் வெளியூர்ப் பாலைவனங்களிலும் எப்போதாவது தண்ணீர் ஓடும் ஓடைகளில் மண் எடுத்து, கதிர்வீச்சு எவ்வளவு என்று அளப்பேன். ஓடை வளையும் இடத்தில் லேசான மணலைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். கனமான கறுப்பு மணல் தங்கிவிடும். கதிர்வீச்சை உமிழும் தோரியம் அதில்தான் இருக்கும். அங்கெல்லாம் சிவப்புக் கொடி நட்டுவைப்பேன்.

அத்தான் கட்டட மேஸ்திரி. அறையின் புதுப் பூச்சுக்கு மணல் எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"நீ கொடி நட்ட இடத்துலதான். படிச்ச பொண்ணு பார்த்துப் பார்த்து அடையாளம் வெச்சிருக்கே, நல்ல மணலாத்தானே இருக்கும்? இந்த ரூமுக்குன்னே தனியா அள்ளிட்டு வந்தேன்."

சிவப்பைப் பார்த்தால் ஊரே நிற்கும். இந்த மனிதர் மண்வெட்டியோடு போயிருக்கிறார். கோபம் தலைக்கேறியது. ஆனால் கொடியில் ஒரு எழுத்துகூட எழுதாமல் விட்டவள் நான்.

பிறந்த குழந்தையோடு அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிவிட்டாள். அந்தச் சுவரோரம்தான் தொட்டில். பச்சை உடம்புக்காரியிடம் இன்றைக்குச் சொல்ல வேண்டாம், நாளைக்கே பூச்சை உடைத்துவிடுகிறேன் என்று அத்தான் கெஞ்சினார். சொல்லியே தீருவேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். வாசலில் கார் வந்து நின்றது.

அக்கா நேராக அறைக்குத்தான் வந்தாள். கெஞ்சிய அதே மனிதர் கதவை மறித்துக்கொண்டார்.

"உள்ள வராதே. சுவத்துல இருக்கற மணல் ஆகாது. நான்தான் கொண்டுவந்து பூசினேன்."

ஒரு நாளில் ஒன்றும் ஆகாது, நெடுநாள் அதற்குள்ளேயே படுத்தால்தான் கெடுதல் என்று நான் விளக்கினேன். அக்கா கத்தவில்லை.

"குளிர்ச்சியா இருக்குன்னு நீ போனதுலேருந்து இங்கதானேடி படுத்திருந்தேன்," என்றாள். குழந்தையைச் சுற்றியிருந்த துணியை விலக்கினாள். "இவன் மேல வெச்சுப் பாரு."

கூடத்துக்கு வந்து குழந்தையின் நெஞ்சருகே கருவியைப் பிடித்தேன். எப்போதோ ஒரு டிக். எந்தக் குழந்தைக்கும் அவ்வளவுதான் காட்டும். அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது இருப்பதைத்தான் இந்தக் கருவி காட்டும். வயிற்றுக்குள் இருந்தபோது அவனை ஊடுருவிப் போனதை அது காட்டாது. அதனால் அவனுக்குக் கெடுதல் ஏதும் ஆனதா இல்லையா என்று எனக்கே தெரியாது.

"ஒண்ணும் இல்லதானே?" அக்கா என் முகத்தையே பார்த்தாள்.

சொல்லியே தீருவேன் என்று நின்றவள் நான். "ஒண்ணும் இல்லக்கா," என்றேன்.