சிவப்பு விளக்கில் மூன்று எழுத்து

காலிமுகத்திடலைத் தாண்டி முதல் சிவப்பு விளக்கில் மோட்டார் சைக்கிள் நின்றதும், சுபாஷினி புருஷனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். முன்னால் ஒரு வெள்ளைக் கார். நம்பர் தகட்டில் சி, பி, என். "கேபின்" என்றாள். அவள் வாய் மூடுவதற்குள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து "கார்பன்" என்று வந்தது. இரண்டு பேரும் சொல்லியாயிற்று, யாருக்கும் வெற்றியில்லை. விளக்கு பச்சையானது.

விளையாட்டு இவ்வளவுதான். முன்னால் நிற்கிற வண்டியின் தகட்டில் இருக்கும் மூன்று எழுத்தும் எந்த வரிசையிலாவது வருகிற ஒரு இங்கிலீஷ் சொல்லை விளக்கு மாறுவதற்குள் சொல்லவேண்டும். ஒருவர் சொல்லி மற்றவர் முழித்தால், முழித்தவரிடம் சொன்னவர் ஒரு கேள்வி கேட்கலாம். ஒன்றே ஒன்று. பதில் உண்மையாக இருக்கவேண்டும். கொட்டாஞ்சேனையில் ஒரு மாடியறையில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பிடித்த பழக்கம் அது. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து துணிக்கடை வேலைக்கு வந்த சுபாஷினியும், பண்டாரவளைப் பக்கமிருந்து வந்து ஒருகொடவத்தை கொன்டெய்னர் யார்டில் வேலைபார்த்த கிருபாகரனும் அங்கேதான் அடுத்தடுத்த கதிரையில் உட்கார்ந்தார்கள். வகுப்புக்குள் கேட்டதெல்லாம் உனக்குப் பிடித்த நிறம் என்ன, பொழுதுபோக்கு என்ன என்கிற ரகம். வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நின்ற ஒருநாள், எதிரே வந்த வேன் ஒன்றின் எழுத்துகளில் வென்றுவிட்டு, அவன் வேறு ரகமான கேள்வி ஒன்றைக் கேட்டான். அவளும் மறைக்காமல் பதில் சொன்னாள். இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் எவ்வளவு வந்தது என்று கேட்கக்கூடாது, கல்யாணம் வந்தது.

இப்போது ஒரு மாதமாக அந்த விளையாட்டில் யாரும் தோற்பதில்லை. காரணம் ஷாமில். கிருபாகரனோடு யார்டில் வேலைசெய்யும் பையன், வெள்ளை மனசு. ஒரு காலையில் போன் எடுத்தான். கிருபாகரன் குளித்துக்கொண்டிருந்தபடியால் இவள்தான் பேசினாள். "அக்கா, கிருபாட மெடிக்கல் பாஸாம் தானே! விசாவும் வந்திட்டாம். கட்டார் போக முந்தி எங்களுக்குப் பார்ட்டி இல்லையா?" என்று அவன் சிரித்தான். இவளும் கூடச் சிரித்துவைத்தாள். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவன் "என்னவாம் ஷாமிலு?" என்றபோது, "ஒன்னுமில்ல, சும்மா எடுத்திருக்கான்" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போனாள். ஊருக்கெல்லாம் தெரிந்தபிறகு கடைசியாகத் தெரிந்துகொள்கிற ஆளா நான் என்று வயிறு எரிந்தது.

வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்திலேயே கேட்டிருப்பாள். இவர்கள் வீட்டில் அப்படி நடக்காது. வீட்டில் கேட்டால் "பாப்போம் பாப்போம்" என்பான்; ரோட்டில்தான் உண்மை. வென்றுவிட்டுக் கேட்போம் என்று காத்திருந்தாள். ஆனால் அவன் சொல் வராமல் திணறிய நாட்களில் இவளுக்கும் நாக்கு எழவில்லை. வென்றால் கேட்கவேண்டும். கேட்டால் அவன் ஆமாம் என்பான். ஆமாம் என்று கேட்டபிறகு கடையில் போய் நின்று யாருக்கு எந்தச் சேலையை விரித்துக் காட்டுவது? ஆகவே அவன் சொன்னால் இவளும் சொன்னாள். அவன் முழித்தால் இவளும் முழித்தாள். கட்டாரைப் பற்றி இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை.

பம்பலப்பிட்டியில் மறுபடி சிவப்பு. முன்னால் ஒரு முச்சக்கரவண்டி. ஏ, பி, டி. பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் வருகிற எழுத்துகள். பேட், பிரெட், போர்ட், எத்தனை வேண்டும்? வீடிருக்கும் கொச்சிக்கடையிலிருந்து இங்கே வரும்வரை வெளிநாட்டு வேலை ஏஜென்சிப் பலகை ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் தொங்குகிற அப்ரோட் வேறு. கிருபாகரன் சொல்லட்டும் என்று இவள் காத்திருந்தாள். அவன் ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளினான்.

"எனக்கு ஒன்னும் வரல்ல புள்ள. நீ சொல்லு."

காலையில் தின்ற பாண் இன்னும் வயிற்றில் கிடக்கும்போது பிரெட் என்ற சொல் வராதா ஒரு மனிதனுக்கு? வேண்டுமென்றே தோற்கிறான் என்று அவளுக்கு விளங்கியது.

"பிரெட்" என்றாள், அவளுக்கே கேட்காத குரலில்.

"அப்ப நீ வின்னு. கேளு."

எப்போது போகிறாய், எத்தனை வருஷம், எல்லாருக்கும் சொன்னவன் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று ஒரு மாதமாக அடுக்கிவைத்திருந்த கேள்விகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. கேட்கலாம் என்பதோ ஒன்றுதான். வாயிலிருந்து வந்தது அடுக்கில் இல்லாத ஒன்று.

"ஒங்களுக்கு பயமா இருக்கா?"

விளக்கு பச்சையானது. முச்சக்கரவண்டி போய்விட்டது. கிருபாகரன் நகரவில்லை. பின்னாலிருந்து ஹோர்ன்கள், யாரோ "யன்ன மல்லி, யன்ன!" என்று தலையை வெளியே நீட்டி, போகச்சொல்லிச் சிங்களத்தில் கத்தினான்.

"ஆமா" என்றான் கிருபாகரன். "ரொம்ப. ஒங்கிட்ட சொல்லாத வரைக்கும் அது நெசமாகாதுன்னு இருந்துட்டேன்."

வண்டி புறப்பட்டது. ஒரு மாதமாகப் பொத்திப் பொத்தி வளர்த்த கோபம், ஒரு சொல்லுக்குக்கூட நிற்காமல் ஓடிப்போனதில் சுபாஷினிக்குத் தன்மீதே எரிச்சலாக இருந்தது. அழுகையும் வந்தது. ஹெல்மெட் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

"எப்ப?" என்றாள்.

"அதுக்கு நீ இன்னொருக்கா வெல்லணும்." சிரிக்கப் பார்த்தான்.

அதன்பிறகு வெள்ளவத்தை வரைக்கும், இருந்த விளக்கெல்லாம் பச்சை. மீன் வாங்கப் போகிற பெண்கள், கோயில் வாசல் பூக்கடை, பாதி திறந்த நகைக்கடைகள் எல்லாம் அவசரமாகப் பின்னால் போயின. தூரத்தில் அவள் வேலைக்கு இறங்கவேண்டிய துணிக்கடை தெரிந்தது. அங்கே வேலைசெய்யும் அகீலா சேலை கட்டிய பொம்மையை இடுப்பில் அணைத்து நடைபாதைக்குத் தூக்கிக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் ஒரு கையை உயர்த்தினாள். கிருபாகரன் வேகத்தைக் குறைக்கவில்லை. அடுத்த சிவப்பு விளக்கு இன்னும் வரவில்லை; சுபாஷினியும் நிறுத்தச் சொல்லவில்லை. அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பக்கக் கண்ணாடியில் அகீலா உயர்த்திய கையை இறக்காமல் நின்றாள். பொம்மையின் முந்தானை அவிழ்ந்து ரோட்டுப் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது.